சாரீரம் ஒத்துழைக்கவில்லை

1

மார்கழிக் கச்சேரி விமர்சனங்களில் தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு: 'சாரீரம் ஒத்துழைக்கவில்லை.' நல்ல நாளாக இருந்தால் அதன் மறுபாதி வரும்: 'சாரீரம் நன்கு ஒத்துழைத்தது.' எழுதி எழுதித் தேய்ந்துபோனதால் எழுதுகிறவரும் படிக்கிறவரும் அதில் நின்று யோசிப்பதில்லை. கொஞ்சம் நின்று பார்த்தால் எவ்வளவு விசித்திரமான வாக்கியம் என்று தெரியும். பாடகர் ஒரு ஆள், அவருடைய சாரீரம் இன்னொரு ஆள். இவர் பாட வந்துவிட்டார், அவர் வரவில்லை. பாவம், இவர் என்ன செய்வார்?

வயலின் பிசிறடித்தால் 'வில் ஒத்துழைக்கவில்லை' என்று யாரும் எழுதுவதில்லை. சாதகம் போதவில்லை என்றுதான் எழுதுவார்கள். நாகஸ்வரக்காரர் நீண்ட கார்வை ஒன்றை நிறுத்திக் காட்டினால், "என்னா தம்முய்யா!" என்று முன்வரிசையே சொல்லும். புல்லாங்குழல்காரர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பது நம் காதில் விழுகிறது, விமர்சனத்திலும் ஏறுகிறது. ஆனால் காற்றாலேயே இயங்கும் இன்னொரு வாத்தியமான மனிதத் தொண்டைக்கு வந்ததும் மூச்சு என்ற சொல்லே காணாமல் போய்விடுகிறது. அதன் இடத்தில் 'சாரீர வளம்', 'கம்பீர சாரீரம்', 'இறைவன் கொடுத்த குரல்' எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

ராகத்தைப் பற்றி, தாளத்தைப் பற்றி, பாடாந்தரத்தைப் பற்றி நுணுக்கமாகப் பேச நமக்கு மொழி இருக்கிறது. தோடியின் காந்தாரத்தை எப்படி அசைக்க வேண்டும் என்று விடிய விடியச் சண்டை போடலாம். அந்தக் காந்தாரத்தை உடம்பு எப்படி உண்டாக்குகிறது என்று கேட்டால் சபை மௌனமாகிவிடும். இந்த மௌனம் விமர்சகரோடு நின்றுவிடுவதில்லை. கற்பிக்கிறவரிடம் போகிறது, கற்கிறவரிடம் போகிறது, கடைசியில் எங்கோ ஒரு பெண்ணின் தொண்டையில் முடிச்சாக விழுகிறது. இந்தக் கட்டுரையின் கட்சி அதுதான்.

2

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்று தேடினால் பழைய, மதிப்பு மிக்க ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வோம். 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ மன்னன் சிங்கணனின் ஆதரவில் இருந்த சார்ங்கதேவர், தம் 'சங்கீத ரத்னாகர'த்தில் சாரீரத்துக்கு இலக்கணமே சொல்கிறார். பழகாமலேயே ராகத்தை வெளிப்படுத்தும் ஆற்றல் ஒரு குரலுக்கு இருக்குமானால் அது சாரீரம். சரீரத்தோடு சேர்ந்தே பிறப்பதால் அந்தப் பெயர். வித்தியாதானம், தவம், சிவபக்தி, பெரும் பாக்கியம் இவற்றால் அது வாய்க்கும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். "அதெல்லாம் பிறவியிலேயே அமையணும் சார்" என்று சபா கேன்டீனில் காப்பியோடு சேர்த்துச் சொல்லப்படும் தீர்ப்புக்கு ஏறக்குறைய 800 வயது.

ஆனால் அதே நூலின் அதே பிரகீர்ணக அத்தியாயத்தில் பாடகருக்குரிய 25 குற்றங்களின் பட்டியலும் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது ஒரு குற்றம். சுரைக்காய்போல் கன்னத்தை உப்பிக்கொண்டு பாடுவது இன்னொன்று. ஒட்டகம்போல் கழுத்தைத் தூக்கிக்கொள்வது, நரம்பு புடைக்கப் பாடுவது, வாயை அகோரமாகப் பிளப்பது, கழுத்தைக் கோணிக்கொள்வது, 'ஸூத்' என்ற சீறலோடு பாடுவது, பயந்து பாடுவது, மூக்கால் பாடுவது, காக்கைக் குரலில் பாடுவது என்று நீள்கிறது பட்டியல். பாதிக்கு மேல் உடம்பைப் பற்றியது. மேடையில் பாடகரின் தாடையையும் கழுத்தையும் கன்னத்தையும் கூர்ந்து பார்த்த ஒருவர்தான் இப்படி எழுத முடியும். இன்று ஒரு குரல் மருத்துவர் பாடகரைப் பாடச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்ப்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான்.

நாம் சார்ங்கதேவரிடமிருந்து முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை ஏட்டிலேயே விட்டுவிட்டோம். பாக்கியம் நினைவில் நின்றது, கழுத்து நரம்பு மறந்துபோயிற்று.

தமிழ்ப் பக்கம் வந்தால் செய்தி இன்னும் தெளிவு. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாவது இயல் பிறப்பியல். உந்தியில் தொடங்கும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது என்று அது சொல்கிறது. ஒலியைப் பற்றிய பேச்சைக் காற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று நம்முடைய மிகப் பழைய இலக்கண நூலுக்குத் தெரிந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இசையாசிரியனின் அறிவைச் சொல்லும்போது யாழையும் குழலையும் தண்ணுமையையும் எண்ணும் வரிசையிலேயே மிடற்றையும் எண்ணுகிறது. தொண்டை அங்கே ஓர் உறுப்பு, ஒரு கருவி. யாழுக்கு நரம்பு கட்டத் தெரிய வேண்டும் என்றால் மிடற்றுக்கும் ஏதோ ஒன்று தெரிய வேண்டும். தியாகராஜரும் ஜகன்மோகினி ராகக் கிருதியான 'சோபில்லு சப்தஸ்வர'த்தில் நாபி, இதயம், கண்டம், நாக்கு, மூக்கு என்று ஸ்வரங்கள் ஒளிரும் இடங்களை உடம்பில் காட்டுகிறார்.

ஆகவே, மூச்சையும் உடம்பையும் பற்றிப் பேச ஆரம்பித்தாலே "இது வெள்ளைக்காரன் சங்கதி, நம்ம சங்கீதத்துக்கு ஒத்துவராது" என்று சொல்கிறவர்கள் மரபின் பேரால் பேசவில்லை. மரபில் இருந்ததை மறந்த ஒரு காலத்தின் பேரால் பேசுகிறார்கள்.

3

பாடும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

நுரையீரலுக்குக் கீழே குடைபோல் கவிந்திருக்கும் தசை உதரவிதானம். மூச்சை இழுக்கும்போது அது தாழ்கிறது, கீழ் விலா விரிகிறது, வயிறு முன்னும் பக்கவாட்டிலும் இடம் கொடுக்கிறது. விடும்போது அது தளர்ந்து மேலே போகிறது. பாட்டு நடப்பது வெளிமூச்சில். எனவே உதரவிதானத்தால் காற்றை 'வெளியே தள்ளுவது' என்பது கிடையாது, அதன் வேலை உள்ளிழுப்பது. நிறைந்த நுரையீரல் ஊதிய பலூன்போலத் தானே சுருங்கப் பார்க்கும். அப்படியே விட்டால் வரியின் தொடக்கத்தில் தேவைக்கு மேல் அழுத்தம் இருக்கும், முடிவில் ஒன்றும் இருக்காது. முதல் தேதியன்று சம்பளத்தில் பாதியைச் செலவழித்துவிட்டு இருபதாம் தேதிக்கு மேல் கைமாற்று வாங்கும் குடித்தனம்போல. இங்கே கைமாற்று கொடுப்பது தொண்டை. வட்டியையும் அதுதான் கட்டுகிறது.

பழகிய பாடகர் விலாவைச் சட்டென்று விழவிடாமல் விரிந்தபடியே சிறிது நேரம் வைத்துக்கொள்கிறார். உள்ளிழுக்கும் தசைகள் முற்றிலும் ஓய்ந்துபோகாமல் காற்றைப் பிடித்துப் பிடித்து விடுகின்றன. இத்தாலியப் பாட்டாசிரியர்கள் இதற்கு 'அப்போஜோ' என்று பெயர் வைத்தார்கள். சாய்தல், ஊன்றுதல் என்று பொருள். மூச்சின் மேல் குரல் ஊன்றி நிற்கிறது. நம் ஆசிரியர்கள் "நாபியிலிருந்து பாடு", "வயித்துலேர்ந்து வரணும்" என்று சொல்லும்போது அவர்களும் இதைத்தான் குறிவைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

குறி சரி, சொல் போதவில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் "வயிற்றிலிருந்து பாடு" என்றால் அது என்ன செய்யும்? வயிற்றை எக்கி இறுக்கிக்கொள்ளும், தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறவர்போல. அந்த இறுக்கத்தில் கீழேயிருந்து காற்றழுத்தம் கூடுகிறது. அதைத் தடுக்கக் குரல்நாண்கள் ஒன்றையொன்று மேலும் அழுத்திக்கொள்கின்றன. காதுக்குச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. "அப்படித்தான்!" என்று பாராட்டும் கிடைக்கிறது. கற்பிக்க நினைத்ததற்கு நேர் எதிரான ஒன்றைப் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது.

'அழுத்தம்' என்பது இதைவிட ஆபத்தான சொல். 'பாட்டில் அழுத்தம் இருந்தது' என்பது நம் விமர்சனத்தின் உயர்ந்த பாராட்டுகளில் ஒன்று. கமகத்தின் ஆழம், ஸ்வரத்தின் நிறைவு, அவசரமின்மை எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்லை வைத்திருக்கிறோம். கேட்கிறவருக்கு அது ஓர் அனுபவத்தின் பெயர். மாணவருக்கு அது ஒரு கட்டளை: அழுத்து. உண்மையில் கமகம் அழுத்தத்தால் வருவதில்லை. சுருதி ஏறி இறங்குவது பெரும்பாலும் குரல்நாண்களை நீட்டியும் தளர்த்தியும் கொடுக்கும் சிறு தசைகளின் வேலை. காற்று கட்டுக்கு மீறி மோதினால் அவை அசைய இடமின்றி விறைத்துக்கொள்கின்றன. அப்போது தாடை ஆடுகிறது, தலை ஆடுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. கமகத்தைத் தொண்டை செய்ய முடியாததைத் தலை செய்துகாட்டுகிறது. சார்ங்கதேவர் குற்றமென்று எழுதிவைத்ததைப் பார்த்து நாம் 'என்ன பாவம்!' என்று உருகுகிறோம்.

இந்த உழைப்பின் அளவையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் ஆதார ஷட்ஜத்தில் குரல்நாண்கள் வினாடிக்கு ஏறக்குறைய 196 முறை மோதிப் பிரிகின்றன. மந்திர பஞ்சமத்தில் 147. தார பஞ்சமத்தில் 590க்குப் பக்கத்தில். இரண்டரை மணிக் கச்சேரியில் வயலினுக்கும் தனியாவர்த்தனத்துக்கும் மூச்சுக்கும் பாதி நேரம் போய்விட்டது என்று வைத்துக்கொண்டாலும் மொத்த மோதல்கள் 10 லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு மோதலும் தேவைக்குச் சற்று மேலே இருந்தால், கலப்பை பிடித்த கையில் காய்ப்பு விழுவதுபோல நாணின் விளிம்பில் தடிப்பு விழும். இரு பக்கமும் எதிரெதிரே, அதிர்வு மிகுதியாகத் தாக்கும் இடத்தில். அதைத்தான் 'பாடகர் முடிச்சு' என்கிறார்கள். பெரும்பாலும் இதற்கு முதல் மருத்துவம் கத்தி அல்ல, பாடும் பேசும் முறையைத் திருத்தும் பயிற்சி. ஆக, சாரீரம் ஒத்துழைக்க மறுக்கவில்லை. வெகுநாள் ஒத்துழைத்துக் களைத்துப்போயிருக்கிறது.

4

மூச்சு ஆரோக்கியச் சங்கதி மட்டுமென்றால் மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள், விமர்சகருக்கு அதில் வேலை இல்லை. ஆனால் எங்கே மூச்சு வாங்குவது என்பது ராகத்தையும் சாகித்யத்தையும் தொடும் முடிவு.

இரண்டு களை ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 16 அடி. நிமிடத்துக்கு 50 அடி என்ற சௌக்க காலத்தில் பாடினால் ஓர் ஆவர்த்தனம் முடிய 19 வினாடி ஆகும். கமகத்தோடு, முழுக் குரலில், அதை ஒரே மூச்சில் பாடுவது எளிதல்ல. எங்கோ நிறுத்தியாக வேண்டும். எங்கே? சொல்லின் நடுவில் நிறுத்தினால் பொருள் உடையும். ஸ்வரக் கோவையின் நடுவில் நிறுத்தினால் ராகத்தின் முகம் கோணும். அறுதியில் நிறுத்தலாம், ஆனால் அதுவரை காற்று இருக்க வேண்டும். 'பதச்சேதம் சரியில்லை, பாஷை தெரியாமல் பாடுகிறார்' என்று நாம் குற்றம்சாட்டும் இடங்களில் பாதியில் குற்றவாளி மொழியறிவின்மை அல்ல என்பது என் சந்தேகம். பொருள் தெரிந்தே இருக்கும். காற்று தீர்ந்துபோயிருக்கும்.

நம் ஸ்வரப் புத்தகங்களும் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி'யைப் பதிப்பித்தபோது கமகங்களுக்குத் தனித்தனியே குறிகள் அமைத்தார். அந்த அளவு நுட்பம் நமக்குப் பழக்கம்தான். ஆனாலும் மேற்கத்திய இசைத்தாளில் சாதாரணமாகக் கிடக்கும் மூச்சுக்குறி, நான் புரட்டிய எந்தக் கிருதிப் புத்தகத்திலும் கண்ணில் பட்டதில்லை. குருமுகமாகக் கற்கும்போது குரு வாங்கும் இடத்தில் சீடரும் வாங்குவார், அதனால் தேவைப்படவில்லை என்று சொல்லலாம். குருவுக்கு ஒன்றரைக் கட்டை, அறுபது வயது, ஆண். சீடருக்கு ஐந்தரைக் கட்டை, பதினைந்து வயது, பெண். இருவருக்கும் காற்று ஒரே இடத்தில் தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மூச்சைக் கேட்பதற்கு எம்.டி. ராமநாதனைவிட நல்ல பாடம் இல்லை. மிகத் தாழ்ந்த சுருதி, யாருக்கும் பொறுமை சோதிக்கும் காலப்பிரமாணம். அவர் பாட்டில் இடைவெளிகள் அதிகம் என்பதை ரசிகர்கள் மௌனம் என்றும் தியானம் என்றும் எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். அந்த இடைவெளிகளில் அவர் மூச்சு வாங்குகிறார் என்பதையும் சேர்த்து எழுதலாம். அவசரமாக, களவாக வாங்காமல், வாங்குவதற்கென்றே இடம் ஒதுக்கி வாங்குகிறார். அதனால் அடுத்த வார்த்தை எந்த மோதலும் இல்லாமல், கதவைத் தள்ளாமல் திறப்பதுபோலத் தொடங்குகிறது. மூச்சின் தேவையையே பாணியின் அழகாக மாற்றிக்கொண்ட கலைஞர் அவர்.

எதிர்முனையில் ஜி.என். பாலசுப்ரமணியம். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தில் மயங்கி, அந்த வேகத்தையும் நீளத்தையும் தொண்டைக்குக் கொண்டுவரப் பார்த்தவர். இளமைக்கால இசைத்தட்டுகளில் அந்தப் பிருகாக்கள் மணி மணியாக உதிர்கின்றன. அவற்றில் வியக்க வேண்டியது வேகம் மட்டுமல்ல, எவ்வளவு குறைந்த காற்றில் அவை நடக்கின்றன என்பதும்தான். தொண்டையை இறுக்கினால் பிருகா வராது. அவரைப் போலப் பாட முயன்ற பலருக்கு வேகம் வந்தது, இந்த லேசு வரவில்லை. தனம்மாள் குடும்பத்து பிருந்தாவின் பதங்களைக் கேட்டால் இன்னொரு பாடம் கிடைக்கும்: உரக்கப் பாடாமலேயே ஒரு வரியை நிறைவாக வைத்திருப்பது. மெதுவாகவும் மெல்லவும் பாடுவதற்குக் காற்றின் மேல் அதிகக் கட்டுப்பாடு வேண்டும் என்பது கத்திப் பாடுகிறவர்களுக்குத் தெரியாத ரகசியம்.

மூவருக்கும் 'சாரீரம்' வெவ்வேறு. மூன்றும் வேலை செய்யும் விதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பாணி என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு மூச்சின் கணக்கு என்பது புரியும்.

5

இந்தக் கணக்கை ஒலிபெருக்கி மாற்றிவிட்டது. எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) காலத்து நாடக மேடையில் கொட்டகையின் கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேர வேண்டும். உயர்ந்த சுருதி அங்கே ஆடம்பரமல்ல, தொழில் தேவை. 1930களில் கச்சேரி மேடைக்கு ஒலிபெருக்கி வரத் தொடங்கிய பிறகு அந்தத் தேவை போயிற்று. 'மைக் வந்து குரல் கெட்டது' என்ற புலம்பலில் எனக்குப் பாதிதான் சம்மதம். மைக் இல்லாவிட்டால் ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் ராமநாதனின் அடிக்குரல் யாருக்குக் கேட்டிருக்கும்?

மறுபாதி உண்மை. மைக் ஆழமற்ற மூச்சை மறைத்துக்கொடுக்கிறது. வாயருகே வைத்துக்கொண்டு முணுமுணுத்தாலும் அரங்கம் நிறைகிறது. அதே சமயம் மிருதங்கத்துக்கும் மைக், வயலினுக்கும் மைக், கடத்துக்கும் மைக். மேடையில் தன் குரல் தனக்கே கேட்காத பாடகர், "கொஞ்சம் வாய்ஸ் ஏத்துங்க" என்று கையால் சைகை காட்டிவிட்டு, ஏறுவதற்குள் தொண்டையால் ஏற்றிக்கொள்கிறார். மைக் இருந்தும் கத்துகிற நிலை. ஒலியமைப்பாளரின் கைவிரலில் இருக்கும் தவறு மறுநாள் 'சாரீரம் சற்றே கரகரத்தது' என்று பாடகர் கணக்கில் எழுதப்படுகிறது.

உட்காரும் விதம் இன்னொன்று. மேற்கத்தியக் குரற்பயிற்சி நூல்கள் நிற்கும் உடம்பை நினைத்து எழுதப்பட்டவை. நாம் சப்பணமிட்டு மூன்று மணி நேரம் உட்கார்கிறோம், ஒரு கை தொடையில் தாளம் போடுகிறது. இடுப்பு பின்னால் சாய்ந்து முதுகு வளைந்தால் விலா வயிற்றின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும், உதரவிதானம் தாழ இடமிருக்காது. கீழே ஒரு மடித்த துணி வைத்து இடுப்பைச் சற்று உயர்த்திக்கொண்டாலே பக்கவாட்டிலும் முதுகிலும் மூச்சுக்கு இடம் கிடைக்கும். இறுக்கிக் கட்டிய புடவையும் ஜிப்பாவுக்குள் இறுகிய வேட்டி முடிச்சும் இதே கணக்கில் சேரும். அந்த நூல்களை அப்படியே இறக்குமதி செய்வதில் பயனில்லை என்று சொல்வது சரி. நம் உட்காரலுக்கும் நம் தாளத்துக்கும் பொருத்தமாக நாமே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே அதிலிருந்து கிடைக்கும் முடிவு.

6

ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. 'குரற்பயிற்சி, குரற்பயிற்சி என்று போனால் எல்லாக் குரலும் ஒன்றுபோல் ஆகிவிடும். வழவழவென்று, சினிமாக் குரலாக. கர்நாடக சங்கீதத்துக்குக் கரடு வேண்டும்.'

பயம் நியாயமானது. ஆனால் அது இனிமையையும் ஆரோக்கியத்தையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறது. செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு (1908–2003) இனிமையான குரல் என்று யாரும் சொன்னதில்லை. மூக்கோசை கலந்த, முரட்டுக் குரல். அசுர சாதகத்தால் அதை வசப்படுத்தினார் என்பார்கள், தொண்ணூறை ஒட்டிய வயதிலும் அவர் மேடையேறினார். ஒரு கருவி எழுபது வருடம் உழைத்திருக்கிறது என்றால் அதைக் கையாண்ட விதத்தில் ஏதோ சரியாக இருந்திருக்கிறது. முரட்டுக் குரல் ஆரோக்கியமாக இருக்கலாம். தேன்போன்ற குரல் ஒன்று முப்பது வயதிலேயே கிழிந்துபோகலாம். குரலின் நிறம் ரசனையின் விஷயம், அதில் யாரும் கைவைக்க வேண்டாம். அந்த நிறத்தை நாற்பது வருடம் மங்காமல் வைத்திருப்பது எப்படி என்பதுதான் கேள்வி. பட்டம்மாளின் கனத்த கீழ்க்குரலும் செம்மங்குடியின் கரடும் பிருந்தாவின் மென்மையும் பக்கத்தில் பக்கத்தில் நிலைக்க வேண்டுமானால் அவை உடையாமல் இருக்க வேண்டும். உடைந்த குரல்கள்தான் கடைசியில் எல்லாம் ஒன்றுபோல் ஒலிக்கின்றன.

சாதகத்தின் பழைய வரிசையிலேயே இதற்கு இடமும் இருக்கிறது. விடிகாலையில் கீழ்ஸ்தாயியில் நிதானமாகத் தொடங்குவது, அகார சாதகம், ஜண்டை வரிசையில் இரண்டாம் ஸ்வரத்துக்குக் கொடுக்கும் மெல்லிய உந்தல் இவையெல்லாம் மூச்சுப் பயிற்சிகள்தாம். ஏன் செய்கிறோம் என்ற விளக்கம் உதிர்ந்துபோய்ச் சடங்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவசரத்தில் சடங்கும் போய்க்கொண்டிருக்கிறது. சரளி வரிசையை மூன்று மாதத்தில் முடித்து, ஒரு வருடத்தில் மேடை ஏற்ற வேண்டும் அல்லவா?

7

விலை கொடுப்பவர்கள் யார்? 'பெண் குழந்தை என்றால் ஐந்தரை' என்று சுருதிப்பெட்டியைத் திருகிவைத்துவிட்டு, பத்துப் பிள்ளைகளையும் ஒரே சுருதியில் பாடவைக்கும் வகுப்புகள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தச் சுருதியின் மந்திர பஞ்சமம் சிறு பிள்ளையின் தொண்டைக்கு எட்டாது, அழுத்தினால் ஏதோ கரகரப்பு வரும். தார பஞ்சமத்தை நெஞ்சுக்குரலிலேயே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வசதியான இடம் எது என்று கேட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆண் பிள்ளைகளின் நிலைமை வேறு. பதின்மூன்று, பதினான்கில் குரல்வளை வளர்ந்து குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும் பருவம். "விடாம பாடு, சரியாயிடும்" என்று ஒரு கட்சி, "போச்சு, இனி மிருதங்கம் கத்துக்கோ" என்று இன்னொரு கட்சி. சுருதியை இறக்கி, கொஞ்சமாக, வலிக்காமல் பாடிக்கொண்டே கடக்கலாம் என்று சொல்ல ஆளில்லை.

வைத்தியத்திலும் இதே குழப்பம். மேடையில் ஃப்ளாஸ்க் இல்லாத சீசன் கிடையாது. மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை, அதிமதுரம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டியல் உண்டு. இதமாக இருக்கும், தவறில்லை. ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, அது உணவுக்குழாய் வழியாகப் போய்விடுகிறது. நாள் முழுதும் போதிய தண்ணீர், ஆவி, எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வு, இவைதான் நாணுக்குப் போய்ச் சேர்பவை. டிசம்பரில் பத்துக் கச்சேரி ஒப்புக்கொண்டவருக்கு மிளகுப் பால் கிடைக்கும், ஓய்வு கிடைக்காது. தொண்டை கட்டியதை வெளியே சொன்னால் அடுத்த வருடம் சபாக்காரர் அழைப்பாரா என்ற பயம் வேறு. கால் சுளுக்கிய கிரிக்கெட்காரர் கட்டுப்போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வெளியே உட்காரலாம். பாடகர் மட்டும் முடிச்சை ஒளித்துவைக்க வேண்டும், ஏனென்றால் நம் கதையில் குரல் போவது காயமல்ல, அருள் விலகுவது. செம்பை வைத்தியநாத பாகவதர் குரலை இழந்து மீண்டது குருவாயூரப்பன் அருளாகச் சொல்லப்படுகிறது. அந்த பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த ஒரே கதைதான் நம்மிடம் இருக்கிறது என்றால், மீளாதவர்களைப் பற்றி நாம் என்ன சொல்லப்போகிறோம்?

1930களில் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதியபோது, வாசகருக்குக் கச்சேரி கேட்கவே கற்றுக்கொடுத்தார். சுப்புடு கிண்டல் செய்தார், வித்வான்கள் நடுங்கினார்கள். இருவரும் காதைத் திறந்தவர்கள். அந்தத் திறந்த காது இன்னும் ஓர் அடி உள்ளே போக வேண்டும். 'சாரீரம் ஒத்துழைக்கவில்லை' என்ற இடத்தில், 'அனுபல்லவியில் மேலே போகுமுன் மூச்சு வாங்கத் தவறினார், கடைசி நான்கு அட்சரங்கள் தொண்டையிலிருந்து வந்தன, சுருதி அங்கேதான் இறங்கியது' என்று எழுதலாம். 'கல்பனை ஸ்வரம் முழுதும் தாடை இறுகியிருந்தது, மிருதங்கத்தின் சத்தத்தோடு போட்டியிட்டார்' என்று எழுதலாம். கடுமையாகத் தோன்றும். ஆனால் இதைப் படிக்கும் பாடகர் மறுநாள் காலை சாதகத்தில் செய்து பார்க்க அதில் ஏதாவது இருக்கும். ஒத்துழைக்காத சாரீரத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும், கோயிலுக்குப் போவதைத் தவிர?

வரும் சீசனில் விமர்சகர்கள் ஒரு கச்சேரியையாவது ராகப் பட்டியலை மடியில் வைக்காமல், பாடகர் மூச்சு வாங்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு கேட்டுப் பார்க்கட்டும். ரசிகர்களும் கேட்கலாம். முதல் அரை மணியிலேயே, இதுவரை பாவம் என்றும் அழுத்தம் என்றும் அருள் என்றும் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவந்த பலவற்றுக்குத் தனித்தனிப் பெயர் தேவைப்படுவது தெரியவரும்.